வேங்கிக்காலில் ஒரு ஜார்க்கண்ட் கல்யாணம்

என் கணவர் ராணுவத்தில் இருந்தபோது ராஞ்சியில் சில வருஷம் குடியிருந்தோம். என் ஹிந்தி அங்கே காய்கறிச் சந்தையில் கற்றுக்கொண்டது. கத்தரிக்காய் முற்றலா என்று கேட்கவும், கொசுறாகக் கொத்தமல்லி வாங்கவும் போதும். அவர் ஓய்வு பெற்று நாங்கள் வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு, அதற்கு இனி வேலையில்லை என்று நினைத்திருந்தேன்.

பக்கத்து மனையில் கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர் வீடு கட்டத் தொடங்கினார். வேலைக்கு வந்தவர்கள் ஜார்க்கண்ட்காரர்கள். அங்கேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். ஒரு ஞாயிறு மாலை, காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். கொட்டகையிலிருந்து பாட்டு கேட்டது. வார்த்தை புரியவில்லை. ஆனால் ராகம் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பாடும் ராகம். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் தமிழில் சேர்ந்து பாடினேன். கீழே பாட்டு சட்டென்று நின்றது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் சிரித்துக்கொண்டே இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.

எங்கள் போதகரிடம் சொன்னேன். அடுத்த வாரமே ஞாயிறு மதியம் அவர்களுக்கென்று ஒரு கூட்டம் வைத்துவிட்டார். மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. முதல் நாளே அவர் கிருபையைப் பற்றிப் பேசினார். சந்தையில் யார் கிருபை விற்றார்கள், எனக்கு வார்த்தை தெரிய? யோசித்துப் பார்த்து, "கடவுள் முஃப்த்தாகக் கொடுக்கிறார்" என்றேன். சும்மா கொடுக்கிறார் என்று அர்த்தம். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அனுக்ரஹ், ஆன்ட்டி, அனுக்ரஹ்" என்று எடுத்துக் கொடுத்தாள். நம்மூரில் நாளெல்லாம் காதில் விழுகிற வார்த்தை! எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அந்தப் பெண் சித்தாள் வேலை செய்தாள். அதே கட்டடத்தில் கம்பி கட்டும் பையனை அவளுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஒரு நாள் இரண்டு பேரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"இங்கயே எங்களுக்குக் கல்யாணம் செய்து வைப்பீங்களா ஆன்ட்டி?" என்று ஹிந்தியில் கேட்டாள். "ஊருக்குப் போனா ரெண்டு கிராமமும் சாப்பிட வரும். அதுக்கு நாங்க இன்னும் ரெண்டு வருஷம் கல்லு தூக்கணும்."

போதகர் இரண்டு வீட்டாரிடமும் அவர்கள் ஊர்ச் சபையிலும் போனில் பேசினார். எல்லோருக்கும் சம்மதம். விதைப்பு நேரம் என்பதால் பெற்றோரால் மட்டும் வர முடியாது. மறுநாள் காலை சுவருக்குத் தண்ணீர் விட வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஹோஸைக் கீழே போட்டார்.

"அப்போ பொண்ணுக்கு அப்பா இடத்துல யாரு நிக்கறது?"

"தெரியலீங்க."

"நான் நின்னா உங்க சாமி ஒத்துக்குமா?"

"சாமி ஒத்துக்கும். எங்க ஐயாவைத்தான் கேக்கணும்."

போதகர் சிரித்துவிட்டார். "நேரத்துக்கு வந்துடச் சொல்லுங்க, அது போதும்" என்றார்.

சாப்பாடு தன் புது வீட்டில்தான் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அப்போது அதற்குக் கதவு கிடையாது, பூச்சு வேலையும் முடியவில்லை. "கிரகப்பிரவேசமே ஆவல, அதுக்குள்ள விசேஷமா?" என்று அவர் மனைவி முதலில் இழுத்தார். ஆனால் கல்யாணத்தன்று விடிந்ததும் கோலமாவோடு வந்து, மணல் குவியலை ஒதுக்கச் சொல்லி, வாசலை அடைத்துக் கோலம் போட்டவர் அவர்தான்.

தேதி குறித்தபோது பௌர்ணமியை யாரும் பார்க்கவில்லை. காலையில் வேனில் டவுனுக்குப் போய்விட்டோம். எங்கள் சபைக் கோவிலில் வீட்டுக்காரர் பட்டு வேட்டி கட்டி, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். 'இவரைக் கணவராக ஏற்றுக்கொள்கிறாயா' என்ற கேள்வியைப் போதகர் ஹிந்தியிலேயே மனப்பாடம் செய்திருந்தார். வியர்க்க வியர்க்க அதைக் கேட்டு முடித்தார். பெண் தலை நிமிர்ந்து தமிழில், "சரிங்க ஐயா" என்றாள். ஜனம் கைதட்டிவிட்டது. போனில் பார்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா என்ன நடந்தது என்று புரியாமலே சேர்ந்து கைதட்டினாள்.

வெளியே வந்தால் சாலை முழுக்கக் கிரிவலக் கூட்டம். வேனை எடுக்க வழியில்லை. "நடந்துடலாம், வாங்க" என்று வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். பையன்கள் மாந்தர் என்ற தங்கள் ஊர் மேளத்தை அடிக்க, பெண்கள் கைகோத்து ஆடிக்கொண்டே வந்தார்கள். கிரிவலம் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு அம்மா தன் தலையிலிருந்த மல்லிகையைக் கிள்ளி மணப்பெண்ணுக்கு வைத்துவிட்டாள்.

"எந்த ஊர் கல்யாணங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"நம்ம பொண்ணுதாங்க, வேங்கிக்கால்" என்றார் வீட்டுக்காரர், நிற்காமல்.

பூசாத சுவர்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். சைவக்காரர்களான வீட்டுக்காரர் குடும்பத்துக்கு என் கையால் தனியாகச் சாம்பார். சாப்பிட்டு முடித்ததும் அவர் மனைவியையும் ஆட இழுத்தார்கள். முதலில் வேண்டாம் வேண்டாம் என்றார். அப்புறம் அவரை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

போன கோடையில் வீட்டுக்காரரும் மனைவியும் அந்தத் தம்பதியோடு ரயிலேறி ஜார்க்கண்டுக்குப் போய் வந்தார்கள். திரும்பி வந்தவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வாசல்லயே பித்தளைத் தாம்பாளத்துல நிக்க வெச்சு என் காலைக் கழுவி விட்டாங்கம்மா. அந்த ஊர்ல விருந்தாளிக்கு அப்படித்தானாம். பொண்ணோட அப்பாவும் நானும் மரத்தடியில உக்காந்து சாயங்காலம் வரைக்கும் பேசினோம்."

"எந்த மொழியிலங்க?" என்றேன்.

"அவர் அவர் மொழியில, நான் என் மொழியில. எல்லாம் மழை, மாடு, பயிரு பத்திதான்" என்றார்.