காய்த்து முடித்த கொடி

தெருவில் அவளைக் கொடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கணவனின் அண்ணன் வீட்டுக் கொல்லையில், கறுப்புப் பழம் காய்க்கும் பிளாக்பெர்ரி முட்கொடிகளைக் கம்பிப் பந்தலில் ஏற்றிக் கட்டுவது அவள் வேலை. பழம் எடுக்க வரும் கடைக்காரர், "சடை பின்னிவிட்ட மாதிரி இருக்கும்மா, பூ வைக்கிறதுதான் பாக்கி" என்று கேலி செய்வார். அவள் சிரித்துவிட்டு, பின்னிவிடக் கொடுத்துவைக்காத ஒரு சின்னத் தலையை நினைத்துக்கொள்வாள்.

அந்தத் தலை அதே வீட்டில்தான் இருந்தது.

கணவன் இறந்தபோது அவள் வயிற்றில் குழந்தை. போக்கிடம் இல்லை. பிள்ளையில்லாத ஓரகத்தி அப்போதே கறாராகப் பேசிவிட்டாள். குழந்தையைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும், பெற்றவளும் அங்கேயே இருந்துகொள்ளலாம், ஆனால் சித்தியாகத்தான் இருக்க வேண்டும். பேச்சு மாறினால் அன்றோடு சரி. மகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டாவது கிடக்கலாம் என்று கொடிக்காரி தலையாட்டினாள். ஐந்து வருடமாக அவள் வாய் தவறவில்லை.

பழம் ஓய்ந்த ஒரு காலையில், பந்தலடியில் விளையாடிய சிறுமிக்கு முள் ஏறிவிட்டது. கொடிக்காரி கத்தரியைப் போட்டுவிட்டு ஓடி அந்தப் பிஞ்சு விரலைப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, அம்மா எடுத்துடறேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பின்வாசலில் ஓரகத்தி நின்றிருந்தாள்.

ஓரகத்தி கத்தவில்லை. சிறுமியை உள்ளே அனுப்பிவிட்டு வந்து, கொடி வெட்டுவதைத் தனக்கும் சொல்லித்தரச் சொன்னாள். கொடிக்காரிக்குப் போன உயிர் திரும்பியது. காதில் விழவில்லை போலிருக்கிறது! அந்த நிம்மதியில் ஒன்றுவிடாமல் சொன்னாள். இந்த வருடம் காய்த்த கொடி இனிக் காய்க்காது, அதை அடியோடு வெட்ட வேண்டும். பச்சையாக முளைத்திருக்கும் இளங்கொடியை விசிறிபோல் விரித்துக் கம்பியில் கட்ட வேண்டும், இறுக்கக் கூடாது.

"காய்ச்சத வெட்டாம விட்டா என்னடி ஆகும்?"

"புதுசோட சிக்கிக்கும்க்கா. அப்புறம் பிரிக்கவே முடியாது."

"அதத்தான் நானும் யோசிச்சேன்" என்ற ஓரகத்தி, கத்தரியை வாங்கி ஒரு பழங்கொடியைத் தரையோடு நறுக்கினாள். "இந்தத் தோட்டத்த இனிமே நானே பாத்துக்கறேன்."

கொடிக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. மண்ணில் விழுந்து காலைப் பிடித்தாள். ஓரகத்தி புடவைக் கரையில் மண் படாமல் விலகிக்கொண்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். கல்நெஞ்சக்காரி, மாலையில் சிறுமியையே தூது அனுப்பினாள்.

விரலில் துணிக்கட்டோடு, கொடிக்காரி தங்கியிருந்த கொல்லை அறைக்கு வந்த குழந்தை, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னது: "சித்தி, நாளைக்கு நீங்க வீட்ட விட்டுப் போயிடணுமாம். இனிமே வரவே வேணாமாம். அம்மா சொல்லச் சொன்னாங்க."

கொடிக்காரி குழந்தையின் முன் குந்தினாள். "அதுக்கு நீ என்ன கண்ணு சொன்னே?"

சிறுமி வெட்கத்தோடு அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இந்த ரூம எனக்கு விளையாடக் குடுப்பீங்களான்னு கேட்டேன். தரேன்னாங்க. என் ஆடுற மரக்குதிரை இங்க கொள்ளுமா சித்தி?"

பெற்றவள் கட்டிலை ஓரமாக இழுத்து, இடம் போதுமா என்று காட்டினாள்.