ஃபெல்லோஷிப் போன டாக்டர்

மலேசியாவின் ஜொகூர் பாருவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ‘எல்’ எழுத்து ஒட்டிய சின்னக் காரில் இடப்பக்கம் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் தனிப் பிரேக்கின்மேல் கால் வைத்தபடி நாள் முழுக்கக் கத்துவேன். “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று என்னிடம் திட்டு வாங்காமல் யாரும் லைசென்ஸ் எடுத்ததில்லை. அழுதுகொண்டே இறங்கிப் போனவர்கள் உண்டு. பாஸான பிறகு கேக் வாங்கி வந்து நீட்டியவர்களும் அவர்களேதான். அவளுக்கு வாய்தான் அப்படி, மனசு அப்படியில்லை என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சமாளிப்பார்.

அப்படிக் கத்திக்கொண்டிருந்த ஒரு மதியம், என் வலக்கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சாயங்காலம் மிளகுத்தூளைக் கொட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. மறுநாள் காலை கண்ணின் கீழ் ஓரத்தில் ஒரு நிழல். துடைத்தேன், கழுவினேன், போகவில்லை. மெல்ல மெல்ல மேலே ஏறியது.

“எல்லாம் உடம்புச் சூடு. நல்லெண்ணெய் தேச்சுக் குளி, சரியாப் போயிரும்” என்றார் கணவர். அவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். மனித உடம்புக்கும் எண்ணெய் விட்டால் போதும் என்பது அவருடைய நம்பிக்கை.

“எண்ணெய் தேய்க்கிற நேரமா இது? கிளம்புங்க” என்றேன். பயந்தால்தான் எனக்குக் குரல் தணியும். அன்று தணிந்திருந்தது. அதைக் கேட்டுத்தான் அவரும் பயந்து போனார். எனக்கு இடக்கண் சின்ன வயதிலிருந்தே மந்தம். ஊரை விரட்டியதெல்லாம் இந்த வலக்கண்ணை வைத்துத்தான்.

கண் கிளினிக்கில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பாவை விரிந்து எல்லாம் பனிமூட்டமாகிவிட்டது. எதிர்ச் சுவரில் டாக்டர்களின் படங்கள் மாட்டியிருந்தன. படத்துக்குக் கீழே எழுத்துகள் இருப்பது மட்டும் தெரிந்தது.

“இன்னைக்கு யாராம் டாக்டர்? என்ன படிச்சிருக்கார்னு வாசிங்க” என்றேன். என் காரில் ஏறுகிறவர்கள் என் லைசென்ஸைக் கேட்கலாம். என் கண்ணுக்குள் கை வைக்கிறவரின் லைசென்ஸை நான் கேட்கக்கூடாதா?

கணவர் படத்தருகே போய் நின்று உரக்க வாசித்தார். “பொறந்தது சிம்பாங் ரெங்கம். டாக்டருக்குப் படிச்சது கோலாலம்பூர்ல. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரில வேலை. அதுக்கப்புறம் கண்ணுக்குன்னு தனியா நாலு வருஷம். அதுக்கும் அப்புறம்...” சட்டென்று நிறுத்தினார். “ஏய், ஃபெல்லோஷிப்! மதுரையில ரெண்டு வருஷம் ஃபெல்லோஷிப்!”

“ஸ்தோத்திரம்!” என்றேன் நான்.

கிறிஸ்தவச் சபைக்குப் போகிற தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்கு ஃபெல்லோஷிப் என்றால் ஐக்கியக் கூட்டம். மகளிர் ஃபெல்லோஷிப், வாலிபர் ஃபெல்லோஷிப், வீட்டு ஃபெல்லோஷிப் என்று வாரம் முழுக்க ஏதாவது ஒன்று இருக்கும். பாட்டு, ஜெபம், ஆண்டவர் செய்ததைச் சொல்லும் சாட்சி, கடைசியில் சாப்பிட மீகூனும் கறி பஃப்பும். ஃபெல்லோஷிப் போனவர் என்றால் நம்மவர், ஆண்டவருக்குப் பயந்தவர், பொய் சொல்ல மாட்டார். எனக்குப் பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது.

உள்ளே இருட்டறை. “வாங்கம்மா, உக்காருங்க. எம்புட்டு நாளாச்சு இப்படி?” என்று தமிழில் ஒரு குரல். குரல் வந்த பக்கம் உற்றுப் பார்த்தேன். சீனர். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தேன். சீனரேதான். படிப்பை வாசித்த கணவர் இதைச் சொல்லவே இல்லை.

“அலமாக்! டாக்டர், நீங்க தமிழ் பேசுறீங்களா?”

“மதுரையில கத்துக்கிட்டதும்மா. அங்கன தமிழ் பேசலைன்னா பேஷன்ட் என்னைய ஏறிட்டே பாக்க மாட்டாங்க.”

விடியுமுன் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் மாதிரி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு என்மேல் குனிந்தார். “அங்கிட்டு பாருங்க. இப்ப இங்கிட்டு. மேல. காதைப் பாருங்கம்மா. மூக்கைப் பாருங்க.” அடுத்தவரை அங்கே பார், இங்கே பார் என்று விரட்டியே சோறு தின்றவள் நான். என்னை ஒருவர் விரட்டுவது அதுதான் முதல் தடவை, அதுவும் எங்கள் ஊரில் யாருமே பேசாத ‘அங்கிட்டு இங்கிட்டு’ தமிழில். சிரிப்பை அடக்கமுடியாமல் தலை ஆடிவிட்டது. “அசையாதீங்கம்மா!” என்று ஓர் அதட்டல். அடங்கிப் போனேன்.

பார்த்து முடித்து விளக்கைக் கழற்றியவர் சிரிக்கவில்லை. “கண்ணுக்குப் பின்னாடி விழித்திரைன்னு ஒண்ணு, சுவத்துல காகிதம் ஒட்டுனாப்ல இருக்கும்மா. உங்களுக்கு அது மேல இருந்து உரிஞ்சுக்கிட்டு வருது. நடுவுல இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. கூர்மையாப் பாக்குறது எல்லாம் அந்த நடுவாலதான். அதுவும் உரிஞ்சா அம்புட்டுதான். நாளைக்குக் காலையிலயே ஆபரேஷன் பண்ணணும்.”

“நான் கார் ஓட்டலாமா டாக்டர்?” என்று கேட்டேன். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“நடுவு தப்பிச்சா ஓட்டலாம்மா.”

கணவர் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டு, “டாக்டர், நீங்க ஃபெல்லோஷிப் போனவரா?” என்றார்.

“ஆமா சார். மதுரையில ரெண்டு வருசம்.”

“வாராவாரமா?”

“தெனமும் சார். விடிஞ்சும் விடியாமப் போயிருவோம். ஞாயித்துக்கிழமையும் விடமாட்டாங்க.”

“ஞாயித்துக்கிழமை எப்படி விடுவாங்க!” என்றேன் நான், பூரித்துப் போய்.

“கஷ்டமா இருக்கும்மா. முடியாம எத்தனையோ நாள் அழுதிருக்கேன்.”

“கண்ணீரோட போனாத்தான் டாக்டர் கேட்கப்படும்” என்றார் கணவர். டாக்டர் அவரைக் கொஞ்சம் புரியாமல் பார்த்தார்.

“அங்க பெரியவர் ஒருத்தர் சார். என் கைமேல கை வச்சாரு பாருங்க, அன்னைக்குத்தான் எனக்கு எல்லாம் வெளங்குச்சு.”

பெரியவர் ஒருவர் கை வைத்து ஜெபித்திருக்கிறார் என்றதும் என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. சீனக் குடும்பத்தில் பிறந்து, மதுரைக்குப் போய், தமிழ் பேசி, அழுது ஜெபித்து வந்த பிள்ளை! வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நாங்கள் அவருடைய சாட்சியைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். மகளிர் ஃபெல்லோஷிப்புக்கும் தகவல் அனுப்பினேன்: “டாக்டர் நம்ம பிரதர்தான். கவலை வேண்டாம்.”

மறுநாள் காலை ஆபரேஷன் அறைக்கு வெளியே என்னைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். பச்சை உடுப்பும் தலைக்கு ஓர் உறையும் மாட்டி, பார்க்க நான் சுருட்டி வைத்த கொசுவலை மாதிரி இருந்தேன் என்று கணவர் பிற்பாடு சொன்னார். டாக்டர் வந்து நலம் விசாரித்தார். கணவர் எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, கண்களை மூடி, “பிரதர், ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க” என்றார்.

கணவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

“எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதே சார்” என்றார் டாக்டர். “எங்க வீட்டுல அம்மாதான் ஊதுபத்தி ஏத்துவாங்க. நான் அதுகூட இல்லை.”

“ரெண்டு வருஷம் ஃபெல்லோஷிப் போனேன்னு சொன்னீங்களே!”

அருகில் நின்ற நர்ஸ் தமிழ்ப் பெண். அவளும் எங்கேயோ சபைக்குப் போகிறவள்போல. முதலில் அவளுக்குத்தான் விளங்கியது. குபீரென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஐயோ அங்கிள், அது அந்த ஃபெல்லோஷிப் இல்ல லா. கண்ணு டாக்டர் ஆனதுக்கு அப்புறம் விழித்திரை ஆபரேஷனை மட்டும் தனியாக் கத்துக்கிறாங்க பாருங்க, அந்தப் பயிற்சிக்கு ஃபெல்லோஷிப்னு பேரு!”

கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. என் காதருகே குனிந்தார். “வேணாம். எழுந்திரு. சிங்கப்பூர்ல நம்ம சபைக்குத் தெரிஞ்ச டாக்டர் யாராவது இருப்பாங்க, விசாரிப்போம்.”

டாக்டருக்கு அது கேட்டுவிட்டது. கோபப்படவில்லை. “வேற டாக்டர்கிட்டப் போறதுன்னாலும் நானே போன் பண்ணிச் சொல்றேன். ஆனா இன்னைக்கே போங்கம்மா. நாளைக்கு வரைக்கும் அந்த நடுவு தாங்குமான்னு தெரியலை.”

ஒரே ஒரு நல்ல கண். அதை யார் கையில் கொடுப்பது? நேற்றுவரை தம்பியாகத் தெரிந்தவர் இப்போது யாரோ ஒரு சீன டாக்டர். ஆனால் படுத்துக் கிடந்தாலும் எனக்குத் தொழில் புத்தி போகவில்லை.

“டாக்டர், உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாரே அந்தப் பெரியவர், அவருக்குத் தனிப் பிரேக் இருந்துச்சா?” என்றேன்.

இந்தக் கேள்வி வேறு யாருக்காவது புரிந்திருக்குமா தெரியாது. அவர் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. “இருந்துச்சும்மா! ஆபரேஷன் மைக்ராஸ்கோப்புல பாக்குறதுக்கு ரெண்டு எடம் உண்டு. ஒண்ணுல நான், இன்னொண்ணுல அவரு. நான் பாக்குறதெல்லாம் அவரும் பாப்பாரு. தப்பாப் போனா என் கைமேல அவரு கை வந்துரும். ஒரு வார்த்தை பேசமாட்டாரு. மொதல்ல வெறும் தையல் மட்டும். அப்புறம் கொஞ்சம் உள்ள. மாசக்கணக்கா அப்படித்தான்.”

“எப்ப கையை எடுத்தார்?”

“ஒரு நா, பாதி ஆபரேஷன்ல எந்திரிச்சு, ‘நான் போய் ஒரு காபி சாப்புட்டு வாரேன்’னு போயிட்டாரும்மா. மிச்சத்தை நான் ஒத்தையிலதான் பண்ணுனேன். முடிச்சுட்டு வெளிய வந்தா, காபி ஆறிப் போய்க் கெடக்கு. அவரு குடிக்கவே இல்லை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவரை முதல்முறையாக நெடுஞ்சாலையில் ஓட்டவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து மடக்கி வைத்துக்கொண்டு, வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல நடிப்பேனே, அப்போது என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் காபியை ஏன் குடிக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“ஏங்க, நீங்க ஜெபம் பண்ணுங்க. இவர் ஆபரேஷன் பண்ணட்டும்” என்றேன்.

கணவர் ஜெபித்தார். உலக சமாதானம், நாட்டுத் தலைவர்கள், அத்தனை பேரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் என் கண்ணுக்கு வந்து சேர்ந்தார். டாக்டர் கடைசிவரை தலைகுனிந்து நின்றாராம்.

கண்ணைச் சுற்றி மரக்க ஊசி போட்டதால் வலி இல்லை. நினைவும் தப்பவில்லை. துணிக்கு அடியில் கிடந்தபடி அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸிடம் மலாயில், உதவியாளரிடம் ஆங்கிலத்தில், என்னிடம் மதுரைத் தமிழில். “நல்லாப் போகுதும்மா” என்று இடையிடையே சொன்னார். முடிவில் கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். அந்தக் குமிழி விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுமாம். அதற்காக நான் குப்புறக் கிடக்க வேண்டும்.

எத்தனை நாள் அப்படிக் கிடந்தேன் என்று கேட்காதீர்கள், கழுத்து இப்போதும் வலிக்கிறது. மகளிர் ஃபெல்லோஷிப் மொத்தமும் வீட்டுக்கு வந்தது. ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை, தரையில் வரிசையாகக் கால்கள்தான். டாக்டர் கதையைச் சொன்னேன். அத்தனை கால்களும் சிரித்துக் குலுங்கின. ஒரு சிஸ்டர், “நாமளும் இத்தனை வருஷமாப் போறோம், ஒருத்தியாவது கண்ணாபரேஷன் பண்ணக் கத்துக்கிட்டோமா?” என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

குமிழி நாளுக்கு நாள் சுருங்கியது. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் சுவரில் இருந்த மற்ற டாக்டர்களின் படிப்பையும் கணவரை வாசிக்க வைத்தேன். மூத்தவர் ஒரு மலாய் அம்மையார். மருத்துவம் அயர்லாந்தில், விழித்திரை லண்டனில். இன்னொருத்தி பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை, தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இப்போது மற்ற டாக்டர்கள் அனுப்புகிற சிக்கலான கண்களையெல்லாம் அவள்தான் பார்க்கிறாளாம். அதைக் கேட்டு அந்தக் கிளினிக் நடையிலேயே கை தட்டினேன். அவர்கள் பெயருக்குக் கீழேயும் அந்தச் சொல் இருந்தது. “எல்லாருமே ஃபெல்லோஷிப் பார்ட்டிதான்” என்றார் கணவர்.

கடைசியாக ஒரு நாள் டாக்டர் என் இடக்கண்ணை மூடி எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். பெரிய எழுத்து. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. இன்னும் ஒரு வரி கீழே இறங்கினேன். தட்டுத் தடுமாறி, ஒன்றைத் தப்பாகச் சொல்லி, திருத்தி, வாசித்துவிட்டேன். பிறகு சொட்டு மருந்து விட்டு, அவர் விளக்கைக் கட்டிக்கொண்டு உள்ளேயும் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“நல்லா ஒட்டிக்கிச்சும்மா. நடுவு தப்பிச்சிருச்சு. மருந்து தெளிஞ்சதும் வண்டியை எடுங்க” என்றார். நான் வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

பனிமூட்டம் கலையும்வரை பக்கத்துக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டே மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தோம். பிறகு காருக்குப் போனோம். கணவர் பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்தார். “நகருங்க” என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தார். கண்ணாடிகளைச் சரி செய்தேன், மெதுவாகப் பின்னால் எடுத்தேன், சாலைக்கு வந்தேன். லாரிகள், மோட்டார் சைக்கிள்கள், பேருந்துகள், எல்லாம் அததன் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நடுவிலும் தெரிந்தது, ஓரத்திலும் தெரிந்தது.

பக்கத்தில் கணவர் இருக்கை வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பாத்து... பாத்துப் போ...” என்றார்.

“பாத்துக்கிட்டுத்தாங்க போறேன்!” என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டது. கைகளை வாரிலிருந்து எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அந்த மனுஷன் அழ ஆரம்பித்தார். நான் சிக்னல் போட்டு, காரை ஓரம் கட்டி நிறுத்தினேன்.