ரங்கூன் மல்லி வீட்டுக் கஷாயம்

எண்பதுகளின் நடுவில் எங்களுக்கு ஆவடியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. என் கணவருக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. நாங்கள் நாசரேத் பக்கத்துக்காரர்கள். அதுவரை பட்டாபிராமில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். சாமான்களை இறக்கிவைத்த அன்று மத்தியானமே, சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“குடிச்சிடும்மா. என் கண்ணு இல்ல? ஒரே மடக்குதான். குடிச்சா வெல்லம் தரேன்.”

மெல்லிய சுவர். அந்த வீட்டில் டம்ளரைக் கீழே வைத்தால்கூட எனக்குக் கேட்கும். பக்கத்து வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறது, என் மகளுக்கு விளையாட ஆள் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அவள் அப்போதுதான் பேசப் பழகியிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா அம்மா பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். இவர் வளர்ந்தது வியாசர்பாடியில். அவர் வீட்டு வேலி முழுக்க ரங்கூன் மல்லி படர்ந்திருந்தது. மாலையில் வெள்ளையாக விரியும். விடிந்தால் ரோஸ், அப்புறம் ரத்தச் சிவப்பு. தெருப் பிள்ளைகள் பூவின் நீளக் காம்பைக் கிள்ளித் தேன் உறிஞ்சுவார்கள். அவர் தலைவலி என்று வருகிறவர்களுக்கு அதன் இலையை வாட்டி நெற்றியில் ஒட்டுவார். வயிற்றில் பூச்சி என்றால் காய்ந்த விதையை உடைத்து உள்ளே இருப்பதை அளந்து கொடுப்பார். “ஜாஸ்தி துன்னா விக்கல் புட்ச்சிக்கும்” என்று மிரட்டியும் அனுப்புவார். சளிக்குத் தூதுவளையும் ஆடாதோடையும் வேலியோரத்திலேயே வைத்திருந்தார்.

“உங்க பிள்ளை எந்த ஸ்கூல்க்கா?” என்று கேட்டேன்.

இலை பறித்துக்கொண்டிருந்த கை நின்றது. “எங்க ஊட்டுல புள்ள இல்லியேமா” என்றார் திரும்பாமல்.

அன்றும் மத்தியானம் அதே குரலைக் கேட்டுவிட்டுத்தான் நான் வெளியே வந்திருந்தேன்.

அந்த அக்காவின் கணவருக்கும் அதே தொழிற்சாலைதான்; என் கணவர் அங்கே விசாரித்துக்கொண்டு வந்தார். ஒரே மகளாம். சளிக் காய்ச்சலில் தவறிப்போய்ச் சில வருஷங்கள் ஆகிறதாம். “அந்தம்மாகிட்ட இதைப் பத்தி ஒண்ணும் கேட்டுக்கிடாதே” என்றார். நான் கேட்கவில்லை. ஆனால் மத்தியானம் ஆனால் போதும், மகளைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்து ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன். மற்ற நேரத்தில் அந்த அக்கா எல்லோரையும்போலத்தான் இருந்தார். கேலி பேசுவார், ரேஷன் கடைக்குக் கூட வருவார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் என் மகளுக்குச் சளி பிடித்தது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஒருநாள் மத்தியானம் அவள் சாப்பிடாமல் துவண்டு படுத்தாள். கணவர் ஷிஃப்டில் இருந்தார். வேறு வழி தோன்றாமல் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அடுப்பில் கஷாயம் கொதித்து முடிந்து, ஒரு சின்ன டம்ளரில் ஊற்றி வைத்திருந்தது. யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

“அக்கா, அதுல கொஞ்சம் பிள்ளைக்குத் தாங்கக்கா.”

டம்ளரை எடுத்தவர், என் மகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. டம்ளரை வைத்துவிட்டார்.

“கசாயம் வாணாம். நட.”

பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். மெயின் ரோட்டில் போன ஆட்டோவைக் குறுக்கே நின்று நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள், உடனே சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு மூச்சு சீரானதும் நான் வெளியே வந்து பார்த்தேன். அக்கா வார்டுக்குள் வரவே இல்லை. வாசலில் ஈரப் புடவையோடு நின்றிருந்தார்.

“என் பொண்ணுக்கும் இப்டித்தாம்மா இளுத்துச்சு” என்றார். “எனக்குத் தெர்ல. கசாயம் வச்சிக் குட்த்துகினே இருந்தேன். எல்லாம் குட்ச்சா. கடைசி டம்ளர் மட்டும் கசக்குது, வாணாம்னுட்டா. முன்னாடியே இட்டாந்திருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா எனக்கு இன்னா தோணும் தெரியுமா? அந்த ஒரு டம்ளர குட்ச்சிருந்தா பொயச்சிருப்பாளோ?”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மகள் தேறி வீட்டுக்கு வந்தாள். அதன்பிறகு நான் ரேடியோ வைப்பதை விட்டுவிட்டேன். பொங்கல் கழிந்த ஒரு மத்தியானம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் குரல் கேட்டது. “குடிச்சிடும்மா. என் கண்ணு இல்ல?”

என் மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “கசக்குது. வேணாம்.”

ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு எங்கள் பின்வாசலில் அக்கா வந்து நின்றார். கையில் ஆவி பறக்கும் டம்ளர். முகத்தில் ரத்தமே இல்லை.

“யாரு பேசினது?”

“நான்” என்றாள் மகள்.

அக்கா வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “வாணாமா கண்ணு?”

“வேணாம்.”

“சரி” என்றார். “வாணாம்னா வுட்டுடு.” டம்ளரைச் சாய்த்துக் கஷாயத்தைச் சாக்கடையில் ஊற்றினார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அந்தக் குரலை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனாலும் அந்த நேரம் வந்தால் என் கை வேலையை நிறுத்திவிடும். காது சுவரிடம் போகும். அந்த அமைதிக்குப் பழக எனக்கு ரொம்ப நாளாயிற்று.

அக்காவின் கணவர் ரிடையர் ஆனதும் திருநின்றவூரில் ஏரிப் பக்கம் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நானும் மகளும் பார்க்கப் போனோம். அவள் பாவாடை தாவணி போடும் வயதுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு வெளியே கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றாள். அக்கா உள்ளேயிருந்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது என் மகளின் பெயர் இல்லை. அவள் சட்டென்று திரும்பி, “இதோ வரேன்” என்றாள்.

ஸ்டேஷன் வரைக்கும் அக்காவின் கணவர் எங்களோடு வந்தார். மகள் டிக்கெட் எடுக்கப் போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “எங்க பொண்ணு பேர நீதான் உன் பொண்ணுக்குச் சொல்லி வச்சிருந்தியாமா?”

“இல்லண்ணே” என்றேன். “எனக்கே அந்தப் பேரு இன்னிக்குத்தான் தெரியும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ரயில் வந்தது. நாங்கள் ஏறிக்கொண்டோம்.