டொக் என்று ஒரு சத்தம்

எங்கள் பழைய காரில் ஸ்டியரிங்கைக் கால் வட்டம் சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குத் தகவல் போகும். திருப்பங்களில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வேறு.

“ரோடு சரியில்லடா.” சுரங்கத்தில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் அப்பாவின் ஒரு வருடத் தீர்ப்பு இது. நாளை அம்மாவை இதே காரில் கடலூருக்கு அழைத்துப் போகிறார்.

அதனால் இன்று அவரையும் காரையும் மந்தாரக்குப்பம் மெக்கானிக்கிடம் இழுத்துப் போனேன். ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டும்படி என்னிடம் சொல்லிவிட்டு மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தார்.

டொக்.

“வண்டி நின்னுகினு இருக்குது சார். ரோடு எப்பிடி சத்தம் போடும்?”

அப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

“டை ராடு எண்டு தேஞ்சிடுச்சிங்க. சக்கரத்த இழுத்துத் திருப்புறதே இதான். வண்டில மத்ததெல்லாம் பர்மனென்ட்டு, இது மட்டும் கான்ட்ராக்ட்டு. எப்ப வேணா கழண்டுக்கும்.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எம்.ஏ. முடித்துவிட்டு அதே சுரங்கத்தில் நான் மூன்று வருடமாகக் கான்ட்ராக்ட்.

புது எண்டு மாட்டியதும் சத்தம் நின்றது.

“இனிமே இதுவும் பர்மனென்ட்டுங்க” என்றார் மெக்கானிக்.

மொத்தம் ஒரு மணி நேரம்தான் ஆனது. எனக்கும் இப்படி ஒரு மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கள்.