கத்திரிக்காய் வெஞ்சனமும் வாடாமலரும்

போன வாரம் மச்சான் வீட்டு விருந்துக்கு ஆடு பிடிக்க அய்யலூர் சந்தைக்குப் போயிருந்தேன். ஆட்டோடு எனக்குப் பழக்கமெல்லாம் அது குழம்பான பிறகுதான். ஆகவே மச்சான் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து முடிக்கட்டும் என்று ஒரு நிழலில் ஒதுங்கினேன். நிமிர்ந்தால் தலைக்கு மேலே, நான்கு கம்பில் இழுத்துக் கட்டிய பழைய பிளெக்ஸ். அதில் ஒரு பெண்ணின் முகம், பக்கத்தில், “வானுலகம் வாழ வைக்கப் போன வாடாமலரே!”

எழுதியது அடியேன். அர்த்தம் கேட்காதீர்கள். நான்கு ‘வ’ வந்துவிட்டது, அது போதும் என்று நினைத்த வயசு.

ஆட்டு வாடையை மீறி அந்த பிளெக்ஸ் மையின் காரம் மூக்கில் ஏறியது போலிருந்தது. எம்.காம். முடித்த கையோடு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனராகச் சேர்ந்தேன். கணினியில் ‘கண்ணீர்’ என்று ஒரு ஃபோல்டர், அதில் நான் எழுதி வைத்த ஏழு அஞ்சலி வரிகள். அப்பா என்றால் ஆலமரம், அம்மா என்றால் குத்துவிளக்கு, இளவட்டம் என்றால் சிங்கம். சட்டையே போட்டறியாத சம்சாரிக்கும் கோட்டும் டையும் மாட்டி மேகத்துக்குள் அனுப்பி வைப்பேன். ஊரே அழுதது, என் ஏழு வரியில். செத்தவர் தபால்தலை அளவில் இருப்பார். அஞ்சலி செலுத்தும் மருமகன் செல்போனும் காதுமாக ஆளுயரத்துக்கு நிற்பார். அதிலும் ஒருவர், தன் படம் சின்னதாகிவிட்டது என்று துக்க வீட்டிலிருந்தே கிளம்பி வந்து சண்டை போட்டார்.

அப்படியொரு நாளில்தான் ஆட்டு வியாபாரி ஆரோக்கியம் அண்ணன் வந்தார். மனைவி மேரியின் முதலாம் ஆண்டு நினைவுக்கு பிளெக்ஸ் வேண்டும். தன் படம் வேண்டாம் என்றார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினார். “மேரி, நீ வெச்ச கத்திரிக்கா வெஞ்சனம் நல்லாத்தேன் இருந்துச்சு. நாந்தேன் சொல்லல.” அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அண்ணே, பிளெக்ஸ்ல வெஞ்சனமெல்லாம் போட்டா ஊரு சிரிக்கும்” என்று அவருக்கு இலக்கியம் சொல்லிக் கொடுத்து, வாடாமலரைத் தட்டினேன். அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

“நல்லாத்தேன் இருக்கு தம்பி. யாரு செத்தாலும் பொருந்தும்.”

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்று மாலை முதலாளியிடம் சொல்லிப் பெருமைப்பட்டதாகக்கூட ஞாபகம்.

இப்போது அதே ஆரோக்கியம் அண்ணன் நிழலுக்குள் குனிந்து வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, நல்ல கெட்டியான பிளெக்ஸ், மூணு மழை தாங்கியது என்றார். என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம். மேரியின் முகம், தான் உட்காரும் பக்கமாக வரும்படி பார்த்துக் கட்டியிருந்தார். வரியின் பக்கம் ஆடுகள் நின்றன.

“அண்ணே, அன்னைக்கு நீங்க எழுதுனதையே போட்டிருக்கணும்.”

“அட விடு தம்பி. அவளுக்கென்ன எழுத்தா தெரியும்? ஊருதேன் படிச்சிருக்கும்.” கிடாயின் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: “சோத்துல கை வைக்கிறப்ப நானே சொல்லிப்புடுவேன். தெனமும் ஒருக்கா.”

மச்சான் கூப்பிட்டார். போய்விட்டேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். துக்கமெல்லாம் வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு மாறி, ஒரே நாளில் தானாக அழிந்துகொள்கிறது. என் ஏழு வரிகளும் கணினியோடு காயலான் கடைக்குப் போயின, ஊருக்கு நஷ்டமில்லை. அந்த நோட்டுத் தாள்தான் இல்லை. ஆரோக்கியம் அண்ணன் படியிறங்கியதும், மெஷின் மை ஒட்டிய கையை அதில்தான் துடைத்தேன்.