ஆறட்டும் அக்கா

எந்தக் கார் வந்து நின்றாலும் அக்கா முதலில் காற்றுக் குழாயை எடுக்கமாட்டாள். குனிந்து டயரில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். நாலு டயருக்கும் அப்படியே. பிறகு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறக்கச் சொல்லி, கதவுத் தூணில் கம்பெனிக்காரன் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டைப் படிப்பாள். போன வாரம்தான் படித்த காராக இருந்தாலும் மறுபடி படிப்பாள். டயர் சுட்டால் அவள் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தைதான். "ஆறட்டும்."

அந்தப் பெட்ரோல் பங்கில் அவள் இடம் கம்ப்ரசர் அறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் இருக்கும் நாலடி சிமெண்டுத் தரை. அவளுக்கு 'ஆறட்டும் அக்கா' என்று பெயர் வைத்தவர்கள் லாரிக்காரர்கள். "பெட்ரோலாவது இப்பவே போட்டுக்கலாமா, இல்ல அதுவும் ஆறணுமாக்கா?" என்று கேட்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள், கோபிக்கவும் மாட்டாள். ஓடி வந்த டயரில் காற்று சூடேறி, மீட்டர் நாலைந்து எண் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இறக்கிவிட்டால் ஆறிய பிறகு டயர் தொய்ந்து போகும். குறைந்திருந்தால் சூட்டிலும் ஏற்றலாம், ஆனால் சூட்டில் இறக்கக் கூடாது. அவளுக்குத் தெரிந்த சாத்திரம் இவ்வளவுதான். இதை அவள் அடி வாங்கிக் கற்றாள்.

அம்மா இறந்த வருடம் அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அண்ணனின் பஞ்சர் கடைக்கு ஆள் வேண்டியிருந்தது, வீட்டில் ஆறு வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் அவளே ஆனாள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். அவள் வீட்டில் அடியும் அண்ணனும் ஒன்றுதான். பழைய ட்யூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, கடையின் ஆணியில் மாட்டி வைத்திருந்தான். ரிம்மிலிருந்து டயரைக் கழற்றத் தாமதமானால் அது இறங்கும். வந்தவரிடம் கேள்வி கேட்டால் அது இறங்கும். முதுகில் விழுந்தால் சிவப்பாக வரி எழும்பி, மறுநாள் நீலமாகி, மூன்றாம் நாள் மஞ்சளாகும். அடுத்தவர் முன்னால் அடிக்கும்போது அண்ணனுக்குக் கை இன்னும் கொஞ்சம் ஓங்கும்.

அவள் வாயில்லாப் பூச்சி. கண் மட்டும் சும்மா இருக்காது. காலையில் முப்பது காட்டிய ஒரு கார், யாரும் காற்று ஏற்றாமலே மதியம் திரும்பி வந்து முப்பத்தைந்து காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். வேறொரு மீட்டரில் பார்த்தாள், அதுவும் முப்பத்தைந்து என்றது. மறுநாள் காலை அதே கார் மறுபடி முப்பது. இரண்டு மாதம் இப்படிப் பார்த்த பிறகுதான் அது சூட்டின் வேலை என்று புரிந்தது. டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் பெரிய எண் நிரப்ப வேண்டிய அளவல்ல, தாண்டக் கூடாத எல்லை என்பதும், கதவுத் தூண் சீட்டில் இரண்டு ஆள் படம் போட்ட வரிக்கு ஓர் அளவு, ஐந்து ஆளும் பெட்டியும் போட்ட வரிக்கு வேறு அளவு என்பதும் இப்படியே புரிந்தன. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆணியிலிருந்து ட்யூப் வார் இறங்கும்.

தங்கைக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருந்தான். டயரை ஒரு உதை உதைத்தாலே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவேன் என்பது அவன் பெருமை. உதைக்கிற கால் டயரோடு நிற்கவில்லை என்பதைத் தங்கையின் நடையைப் பார்த்து அக்கா தெரிந்துகொண்டாள். கேட்டதற்குத் தங்கை படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள்.

ஒரு கோடை மதியம். அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த தங்கையை அழைத்துப் போக மாப்பிள்ளை தன் அப்பா அம்மாவோடு வந்தான். இரண்டு மணி நேரம் வெயிலில் ஓட்டி வந்த கார். தங்கையையும் அவள் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, வழியில் ஒரு உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் வெகுதூரம் போக வேண்டும். கடை வாசலில் நிறுத்திக் காற்று பார்க்கச் சொன்னான். மீட்டர் முப்பத்தெட்டு காட்டியது.

"இந்த வெயிலுக்கு வெடிச்சிரும். இருபத்தெட்டுக்கு இறக்கு."

அக்கா எழுந்து நின்றாள். அவள் வாழ்நாளில் ஓர் ஆணின் முகத்துக்கு நேராகப் பேசியது அதுவே முதல் தடவை.

"சூட்டுல அப்படித்தான் காட்டும் தம்பி. ஆறினா முப்பத்து மூணுக்கு வந்துரும். ஆளும் பெட்டியும் நிறைஞ்ச வண்டிக்கு அதான் அளவு. இறக்க வேண்டாம்."

முன் சீட்டிலிருந்த மாமியார் மகன் பக்கம் திரும்பினாள். "ஆறாங்கிளாஸ் வாத்தியாரம்மா சொல்றாங்க. நல்லா கேட்டுக்கடா."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தான். அந்தப் பார்வை போதுமாயிருந்தது. ட்யூப் வார் இந்த முறை முதுகில் விழவில்லை. காதிலிருந்து வாய் வரைக்கும் இழுத்து விழுந்தது. உதடு பிளந்து ரத்தம் தாடையில் வழிந்தது. இரண்டாவது அடிக்கு அவள் ரிம்களின் மேல் போய் விழுந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கிக் காரின் அருகே தள்ளினான் அண்ணன்.

"மாப்ள சொல்றத செய்டி."

பின் சீட்டு ஜன்னல் திறந்திருந்தது. தங்கை அத்தனையும் பார்த்தாள், கேட்டாள். பிறகு தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். அக்கா டயர் டயராக மண்டியிட்டு வால்வை அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. இருபத்தெட்டு. நாலுக்கும் இருபத்தெட்டு. ஆறினால் இருபத்து நாலுக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். வலது முன் டயரின் மூடியில் அவள் ரத்தம் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் பத்து மணிவாக்கில், நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, இடது பின் டயர் பக்கவாட்டில் கிழிந்து வெடித்தது. கார் இரண்டு முறை உருண்டு கல் தூணில் மோதியது. மாமனார் அங்கேயே போய்விட்டார். தங்கையின் இடது கை கதவுக்கும் தூணுக்கும் நடுவில் நசுங்கியது. முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் மாப்பிள்ளையின் ஆட்கள் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். காற்று பிடித்தது யார் என்று கேட்டார்கள். "அவதான் பிடிச்சா" என்று அண்ணன் சொன்னான். பொய் என்று சொல்ல முடியாது. பாதி உண்மைக்கு எப்போதுமே கை நீளம். செருப்பால் அடித்தார்கள். சுவரோடு தலையை மோதினார்கள். விழுந்தவளை நெஞ்சில் மிதித்ததில் விலா எலும்பு இரண்டு உடைந்தது. சுவரோரமாக நின்ற அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

அத்தனை அடியிலும் அக்கா ஒன்றைத்தான் சொன்னாள். "அவகிட்ட கேளுங்க. அவ கேட்டுக்கிட்டுதான் இருந்தா."

அறைக் கதவு திறந்திருந்தது. தங்கை முழித்துத்தான் படுத்திருந்தாள். தலையில் கட்டோடு பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, "சொல்லு, அன்னைக்கு உங்கக்கா ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டான்.

தங்கை கண்களை மூடிக்கொண்டாள்.

விலா எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. அந்த மூடிய கண்கள் மட்டும் அக்காவை விடவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தங்கையின் மாமனாரைக் கொன்றவள், சொந்தத் தங்கையின் கையை எடுத்தவள் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. அண்ணன் வீட்டை விட்டு வந்து இந்தப் பங்கில் சேர்ந்தாள். ஒன்பது வருடம் தங்கையைப் பார்க்கவில்லை. வேறு எதற்கும் அவள் ஆசைப்படவில்லை. அன்றைக்குக் காதால் கேட்டதைத் தங்கை ஒரு தடவை, நாலு பேர் முன்னால், வாயால் சொன்னால் போதும்.

பத்தாம் வருடம், ஒரு நடுப்பகலில், வெள்ளை நிறச் சின்னக் கார் ஒன்று காற்றுக்காக வந்து நின்றது. வெயிலுக்குத் தலையில் துண்டு போர்த்தியிருந்த அக்கா குனிந்து புறங்கையை வைத்தாள். நன்றாகச் சுட்டது. நிமிர்ந்தபோது பின் ஜன்னல் விளிம்பில் ஒரு கை தெரிந்தது. வலது கை. இடது பக்கம் ரவிக்கைக் கை மடித்துத் தைத்திருந்தது. பக்கத்தில் ஏழு வயதுப் பெண் குழந்தை, முன்னால் மாமியார், கால் வைக்க இடமில்லாமல் பெட்டிகள். அக்கா தலைத்துண்டை முகத்துக்கு முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆனாலும் வேலையை முறைப்படி செய்தாள். சீட்டைப் படித்தாள். மீட்டரை வைத்தாள். முப்பத்தேழு.

"முப்பதுக்கு இறக்கு" என்றான் மாப்பிள்ளை, போனைப் பார்த்தபடியே.

"ஆறட்டும்."

குரல் அவனுக்குத் தெரிந்துவிட்டது. இறங்கி வந்து தலைத்துண்டைப் பிடுங்கினான். "எங்கப்பாவ முழுங்கினது பத்தலையா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே முஷ்டியால் வாயில் குத்தினான். முன்பற்கள் இரண்டு உடைந்து சிமெண்டில் விழுந்தன. குழாயைப் பிடுங்கினான், அவள் விடவில்லை. குழாயோடு சேர்த்து இழுத்ததில் முழங்கால் தோல் தரையில் உரிந்தது. அவன் வால்வை நோக்கிக் குனிந்தபோது அவள் இடது பின் சக்கரத்தின் மேல் போய் விழுந்து, முதுகைச் சக்கரத்தோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். வால்வு அவள் தோளுக்குப் பின்னால் மறைந்தது. அவன் வயிற்றில் உதைத்தான், தோளில் உதைத்தான். அவள் நகரவில்லை. பெட்ரோல் போடுகிறவர்கள் ஓடி வந்தார்கள். "குடும்ப விஷயம்பா, நீங்க போங்க" என்று மாமியார் ஜன்னலிலிருந்து சொன்னதும் தயங்கி நின்றுவிட்டார்கள்.

அப்போது பின் கதவு திறந்தது. தங்கை இறங்கினாள். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாத குரல், கொஞ்சம் உடைந்து வந்தது.

"அன்னைக்கு இறக்கச் சொன்னது நீங்க. வேண்டாம்னு சொன்னது அக்கா. வாய் கிழிய அடி வாங்கிட்டுத்தான் இறக்குனா. நான் பாத்தேன். அத்தையும் பாத்தாங்க."

மாமியார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

மாப்பிள்ளை திரும்பினான். தங்கையின் கழுத்தைப் பிடித்துக் கார்மேல் சாய்த்து அறைந்தான். ஒற்றைக் கையால் தடுக்க முடியாமல் அவள் சரிந்தாள். அவன் மறுபடி கையை ஓங்கினான். குழாயின் நுனியில் பித்தளைத் தலையோடு கனமான இரும்பு மீட்டர் இருந்தது. அக்கா எழுந்து அதை ஓங்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். காய்ந்த குச்சி முறிகிற சத்தம் கேட்டது. அடுத்தது முழங்காலில். அவன் அலறிக்கொண்டு விழுந்தான். மூன்றாவது அடிக்கு அவன் தலைக்கு மேல் மீட்டரைத் தூக்கியபோது, பின் சீட்டிலிருந்த குழந்தை கண்களை இறுக மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது. மீட்டரைக் கொண்டுபோய் அதன் கொக்கியில் மாட்டினாள். மாட்டிவிட்டுத்தான் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

பிறகு தண்ணீர்க் குழாயடியில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது தங்கை சொன்னாள். பக்கத்து வீட்டு லாரிக்காரர் ஒரு நாள் பேச்சுவாக்கில், புறங்கையை வைத்துப் பார்த்து 'ஆறட்டும்' என்று சொல்லும் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இந்த வழியாகப் போகலாம், இந்தப் பங்கில் காற்று பார்க்கலாம் என்று சொன்னது தங்கைதான்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" என்று அக்கா கேட்டாள்.

"பயம்க்கா." முந்தானையை நனைத்து அக்காவின் உதட்டில் ஒற்றியபடி, "அந்த மனுஷன் இன்னும் உதைச்சுதான் டயரப் பாக்கறாரு. இப்ப பாப்பாவும் அதுலதான் போறா" என்றாள்.

போலீஸ் வந்தது. இரண்டு பக்கமும் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். வாடிக்கையாளரை அடித்தவளை வேலையில் வைத்திருக்க முடியாது என்றார் மேனேஜர். அந்த வெயிலில் குந்தி உட்கார வேறு யாரும் வராததால் பதினாறாம் நாள் அவரே கூப்பிட்டு அனுப்பினார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. மாப்பிள்ளையின் மணிக்கட்டில் கம்பி வைத்திருக்கிறார்கள். அவன் கோர்ட்டுக்கு வருகிறான், பங்குப் பக்கம் வரவில்லை. அண்ணன் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. தங்கையும் குழந்தையும் பங்குக்குப் பின்னாலுள்ள ஒற்றை அறையில் அக்காவோடு இருக்கிறார்கள். குழந்தை மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பகலில் தங்கை கதவைத் திறந்து சீட்டிலிருக்கும் எண்ணைப் படித்துச் சொல்கிறாள், அக்கா காற்று பிடிக்கிறாள். முன்பல் இரண்டும் இன்னும் கட்டவில்லை.