நட்சத்திரம் போட்ட ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொன்பது பேர்

அந்த ரத்த வங்கியில் எல்லோரும் அவரை லிஸ்ட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நியமன ஆணையில் பதிவு உதவியாளர் என்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கிய பெயர். ரத்தம் கொடுக்கிறவர்களின் பட்டியல் பத்தொன்பது வருடமாக அவர் கையில் இருந்தது. பெயர் அதிலிருந்து வந்தது.

அறுவை சிகிச்சைக் கூடத்திலிருந்து ரத்தம் கேட்டுச் சீட்டு வந்தால் அவர் பட்டியலைத் திறப்பார், எண்ணைப் பார்ப்பார், போனை எடுப்பார். எதிர்முனையில் யார் எடுத்தாலும் முதல் வாக்கியம் ஒன்றே. “பயப்படாதீங்க, உங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்ல.” ஆஸ்பத்திரியிலிருந்து போன் என்றால் வீட்டில் யாருக்கோ என்னவோ என்றுதான் நினைப்பார்கள் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுவார். ரத்தம் என்ற சொல் மூன்றாவது வாக்கியத்தில்தான் வரும். அடுத்த மேசையில் ரத்த வகை பார்க்கும் டெக்னீஷியன் இதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார்.

“லிஸ்ட்டக்கா கூப்பிட்டா எமனே வந்து ஒரு பாட்டில் குடுத்துட்டுப் போவான்,” என்பார்.

“எமனுக்கு வயசு அறுபது தாண்டிருச்சு. எடுக்கக் கூடாது,” என்பார் அக்கா, திரும்பாமலே.

நான் அங்கே போனது அந்தப் பட்டியலைப் புது இடத்துக்கு மாற்ற. ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாய் என்று அப்பா கேட்டால் இன்றுவரை சரியாகச் சொல்ல வந்ததில்லை. இந்த வேலையை மட்டும் சொல்ல முடிந்தது: பழைய பெட்டியில் இருப்பதைப் புதுப் பெட்டிக்கு மாற்றுகிறேன். “ஒண்ணும் கீழ சிந்தாம மாத்து,” என்றார்.

பழைய பெட்டி என்பது டிபேஸ் என்ற பழைய தரவு மென்பொருளில் எழுதிய நிரல். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, சுட்டி கிடையாது. எழுதிக் கொடுத்த பொறியாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. விசைப்பலகையில் கண்ட்ரோல், யு என்ற இரண்டு விசைகளின் எழுத்து மட்டும் முழுக்கத் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. பார்த்தேன். ஏன் அந்த இரண்டு மட்டும் என்று யோசிக்கவில்லை.

மாற்றுவதற்குப் பைத்தான் என்ற நிரல் மொழியில் நாற்பது வரி போதுமானதாக இருந்தது. அந்தக் காலத்துக் கோப்பைப் படிக்க யாரோ ஏற்கெனவே ஒரு நூலகம், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, எழுதி வைத்திருந்தார்கள். அதன் விளக்கப் பக்கத்தில் முதலில் இருந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டேன். கோப்பின் தலைப்பு 10,751 பதிவுகள் என்றது. என் நிரல் 9,412 எடுத்தது. வித்தியாசத்தைப் பார்த்தேன். மீதி ‘அழிக்கப்பட்டவை’ என்று காரணமும் தெரிந்தது. அழித்தது என்றால் அழித்ததுதானே என்று அடுத்த வேலைக்குப் போனேன். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றிருந்தால் என்ன என்று பின்னால் பலமுறை கேட்டுக்கொண்டேன். நிற்காததற்குக் காரணம் அவசரம் இல்லை. விடை கையில் இருக்கிறது என்ற நினைப்பு.

அக்காவுக்கு அந்த வெள்ளிக்கிழமை முக்கியமாக இருந்தது. மகள் வேறு ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். குழந்தைக்கு ஆறு மாதம். விடுப்பு ஞாயிறோடு முடிகிறது. மருமகன் லாரியோடு வாரத்தில் நாலு நாள் வெளியே. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் மகள் வேலையை விட வேண்டும். அக்கா அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இரவுப் பணிக்கு மாற்றல் கேட்டு, இரண்டு வருடம் காத்திருந்து, ஆணை வாங்கியிருந்தார். பகலில் குழந்தையோடு அவர், இரவில் மகள் என்று கணக்கு. வெள்ளி மாலைக்குள் பட்டியலை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் விடுவிப்பார்கள். தவறினால் அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்கு.

புதன் காலை புதுத் திரையை அவருக்குக் காட்டினேன். நூலில் கட்டித் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு பெயரை அடித்தார். ‘பதிவு இல்லை’ என்று வந்தது. இன்னொன்றை அடித்தார். இல்லை. மூன்றாவதும் இல்லை.

“தம்பி, என் நட்சத்திரமெல்லாம் எங்க?”

“என்ன நட்சத்திரம்க்கா?”

பழைய திரைக்கு என்னைக் கூட்டிப் போனார். பட்டியலை ஓடவிட்டார். சில பெயர்களின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. கண்ட்ரோலையும் யு-வையும் அழுத்தினார், குறி மறைந்தது. மறுபடி அழுத்தினார், வந்தது.

டிபேஸில் அந்தக் குறி அழிப்பதற்கான முதல் படி. குறி போட்டாலும் பதிவு அங்கேயே இருக்கும். கடைசியாக இன்னொரு கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகப் போகும். அந்தக் கட்டளையை அக்கா பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை. அவரைப் பொறுத்தவரை நட்சத்திரம் என்றால் ‘இப்போது கூப்பிடாதே’. போன மாதம் ரத்தம் கொடுத்தவர், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர், மஞ்சள் காமாலை வந்து தேறுகிறவர். அபூர்வ வகை ரத்தம் உள்ள இருபது பேரும் அதற்குள் இருந்தார்கள். சாதாரணத் தேவைக்கு யாரும் அவர்களைக் கூப்பிட்டுத் தீர்த்துவிடக் கூடாது என்று மறைத்து வைத்திருந்தார். நேரம் வந்ததும் நட்சத்திரத்தை எடுப்பார். இறந்தவர்களுக்கும் அதே குறிதான். யார் எந்தக் காரணத்துக்கு என்பது அவர் தலைக்குள் இருந்தது.

என் நூலகம் குறி போட்டவர்களைத் தானாகவே விட்டுவிடும் என்று விளக்கத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது.

தலைமை மருத்துவர் அழைக்கப்பட்டார். வேகமாகப் பேசுகிற அம்மாள்.

“ஏம்மா, இவ்வளவு வருஷத்துல இத ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கக் கூடாதா?”

“எழுத எடம் இருந்தா நான் ஏன் டாக்டரம்மா நட்சத்திரம் போடறேன்? காரணம்னு ஒரு கட்டம் கேட்டு மூணு தடவ மனு குடுத்தேன். மூணும் உங்க பீரோவுலதான் இருக்கும்.”

மருத்துவர் பீரோவைப் பார்க்கவில்லை. வெள்ளிக்குள் முடியுமா என்று என்னைக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். முடியும் என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை.

விடுபட்டவர்களை எடுப்பது சுலபம், ஒரே வரி. ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொன்பது பேர். கடைசியாகக் கொடுத்த தேதியை வைத்து, நாலு மாதம் நிறையாத 604 பேரை நிரலே பிரித்தது. மீதி 735. அவர்கள் ஏன் மறைக்கப்பட்டார்கள் என்று சொல்ல எந்த நிரலாலும் முடியாது. நான் பெயரைப் படித்தேன், அவர் சொன்னார், நான் அடித்தேன்.

“இவரு இல்ல. போன மழைக்குப் போயிட்டாரு. அடுத்தது.”

“இவங்களுக்கு ரெண்டாவது கொழந்த. அடுத்த வருஷம்னு போடு.”

“இவன் ஊசியப் பாத்தாலே மயங்கிருவான். ஆள் எடை தொண்ணூறு கிலோ. தூக்க நாலு பேர் வேணும்.”

“இவருக்கு என்னக்கா?”

“ரத்தம் குடுக்க வந்தா நர்ஸுக்குக் கவிதை குடுக்கறாரு. ரத்தம் நல்ல ரத்தம். ஆம்பள நர்ஸ் இருக்கறப்ப கூப்பிடணும்னு எழுது.”

சந்தேகம் வந்த இடத்தில் போன் செய்தார். பயப்படாதீங்க, உங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்ல. புதனன்று 190 முடிந்தது. வியாழன் 230. நடுவில் மகள் இரண்டு முறை கூப்பிட்டாள். “மூட்டை கட்டியாச்சு, பஸ்ஸுக்குச் சொல்லியாச்சு,” என்றார் அக்கா. இரண்டுமே நடந்திருக்கவில்லை.

வெள்ளி நாலு மணிக்கு 135 பேர் மிச்சம். எண் மாறியிருந்தது, அல்லது யாரும் எடுக்கவில்லை, அல்லது அக்காவுக்கே நினைவில்லை. மருத்துவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“அந்த நூத்தி முப்பத்தஞ்சையும் அழிச்சுட்டுக் கையெழுத்துப் போடும்மா. பத்தாயிரத்துல இது ஒரு பெரிசா?”

அக்கா பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். “இதுல எத்தன பேர் உயிரோட இருக்காங்கன்னு தெரியாதே டாக்டரம்மா. இருக்கறவங்கள இல்லைன்னு எழுதி, அதுக்குக் கீழ நான் கையெழுத்தா?”

“அப்ப போகாத. உன் இஷ்டம்.” மருத்துவர் போய்விட்டார்.

டெக்னீஷியன் அன்று நக்கலடிக்கவில்லை. “போடுக்கா, யாருக்குத் தெரியப்போவுது,” என்றார் மெல்ல. புதன் காலையிலேயே அந்த மூன்று பெயரைத் தேடிப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. நானாக இருந்தால் தேடியிருப்பேனா?

புதுப் பட்டியலில் நான் வைத்திருந்தது இரண்டே நிலைகள்: ‘கூப்பிடலாம்’, ‘கூப்பிடக் கூடாது’. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: ‘தெரியாது, கேட்க வேண்டும்’. பத்து நிமிட வேலை. அந்த 135 பேரையும் அதற்குள் போட்டு அவரிடம் காட்டினேன்.

“யார் கேப்பா?” என்றார்.

“நான் கேக்கறேன்க்கா.”

“முதல்ல என்ன சொல்லணும்?”

சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். மணி நாலு ஐம்பது. கண்ணாடியை நூலோடு சுருட்டிப் பையில் வைத்தார். மேசை இழுப்பறையில் இருந்த சீப்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். போகும்போது டெக்னீஷியனிடம் மட்டும், “ஒழுங்கா இரு,” என்றார்.

அடுத்த மூன்று வாரம் மதிய நேரத்தில் போன் செய்தேன். எழுபத்தேழு பேரின் நிலை தெரிந்தது. பாதிப் பேர் என்னிடம் பேசத் தயங்கினார்கள். எப்போதும் பேசுகிற அம்மா எங்கே என்றார்கள். பிறகு கம்பெனி என்னை ஒரு கிடங்கின் பட்டியலை மாற்றும் வேலைக்கு அனுப்பியது. மிச்சம் ஐம்பத்தெட்டு. அக்காவின் இடத்துக்கு வந்த புதியவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையாட்டினார்.

ஒன்றரை மாதம் கழித்து அக்கா கூப்பிட்டார். பின்னால் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி, முடிஞ்சுதா?”

முடிந்தது என்று வாய் வரை வந்தது. “ஐம்பத்தெட்டு பாக்கிக்கா. அங்க இப்ப நான் இல்ல. புதுசா வந்தவரு கேட்டாரான்னு தெரியல.”

“கையெழுத்து என்னுது,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “அந்த ஐம்பத்தெட்ட அனுப்பு. பாப்பா தூங்கறப்ப நான் பேசிக்கறேன்.”

“நோயாளிங்க, கொடையாளிங்க விவரம் வெளிய போகக் கூடாதுக்கா. ரூல்.”

“பத்தொம்பது வருஷமா தெனம் சாயங்காலம் என் தலையில ஏறி வெளியதான் போச்சு. அப்ப எந்த ரூல் தடுத்துச்சு?” சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“நானே போறேன்க்கா. சனிக்கிழமை எனக்கு லீவு.”

“போன தடவையும் நீதான் கேக்கறேன்னு சொன்ன.”

சனிக்கிழமை போனேன். புதியவர் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார். ஐம்பத்தெட்டும் அப்படியே இருந்தன. அன்று பதினேழு எண்களில் பேச முடிந்தது. நாலு பேர் இறந்திருந்தார்கள், மற்றவர்கள் எப்போது வர வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த சனிக்கிழமை பதினொன்று, அதற்கடுத்து எட்டு.

இன்றைக்கு மிச்சம் இருபத்திரண்டு. ஒவ்வொரு சனி மாலையும் அந்த எண்ணை மட்டும் அக்காவுக்கு அனுப்புகிறேன். அவர் பதில் போடுவதில்லை. பார்த்துவிட்டார் என்பது மட்டும் தெரிகிறது.